காகம் சுற்றிக்காட்டிய சந்தை

ஆற்றங்கரைக் காய்கறிச் சந்தையின் வரலாறு முழுக்க அந்தக் காகத்துக்கு அத்துப்படி. உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை. குருவிகளோ கதையில் முதல் ராஜா பிறப்பதற்குள் பறந்துவிடும். அன்றைக்கு வெளியூர் வெள்ளாடு ஒன்று சந்தையைப் பார்க்க வந்தது.

"இப்படி வந்து நில்லு தங்கச்சி" என்று காகம் ஒரு கீரைக்கடைப் பந்தலில் உட்கார்ந்து ஆரம்பித்தது. பூசணிக்காய்ப் படகுகள் வரிசைகட்டி வந்ததையும், வெண்டைக்காய் வாங்க வந்த ராணி படித்துறையில் வழுக்கி விழுந்ததையும் சொன்னது. ஆடு விடாமல் தலையாட்டியது. காகம் மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்புறம் அண்ணே?" என்று கேட்டது.

காகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பெருவெள்ளத்தின் கதைக்குப் போனது.

"ஐயோ, என் கீரை" என்று கடைக்காரி தாயம்மா அலறியதும்தான் கண்ணைத் திறந்தது. கூடையில் ஒரு தண்டுகூட மிச்சமில்லை. ஆடு மென்றபடியே ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் தாயம்மா துடைப்பத்தோடு.

காகம் காலிக் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு விருட்டென்று பறந்து ஆட்டை எட்டிப் பிடித்தது.

"தங்கச்சி, வெள்ளம் இன்னும் வடியலை. நாளைக்கு அவசியம் வா. கேரட் கடைகிட்ட வச்சுச் சொல்றேன்."