பத்தொன்பது அங்குலம்

“ஃபெயில்னு எழுதிடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

வாகனப் பரிசோதகர் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷ சர்வீஸில் பாஸ் போடச் சொல்லிக் கெஞ்சினவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, பெரிய இடத்துச் சொந்தம் என்று மிரட்டினவர்கள் உண்டு. ஃபெயில் கேட்டு வந்த முதல் ஆள் இந்த அம்மாதான்.

ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி. பின் ஸீட்டில் இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டி வந்த மகன் டோக்கன் வரிசையில் நின்றான்.

“காரணம்?”

“சக்கரம் சார். வண்டியோட வந்தது சின்னது. என் பையன் இதே வண்டியில டாப் மாடலுக்கு வர்ற சக்கரத்தைத் தேடிப் பிடிச்சு மாட்டியிருக்கான். பத்தொன்பது அங்குலமாம். எனக்கு முதுகுல ஆப்பரேஷன் ஆகி ரெண்டு மாசம். ஒவ்வொரு பள்ளத்துலயும் உசுரு போய்ட்டு வருது.”

“அதைப் பையன்கிட்ட சொல்லுங்க.”

“எப்படி சார் சொல்றது? அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ராணி மாதிரி வரணும்னு ராத்திரி பகலா ஓவர்டைம் பார்த்து வாங்கினான். சட்டப்படி செல்லாதுன்னு நீங்க சொல்லிட்டா கழட்டிடுவான். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல.”

“சட்டத்துல இருக்கிறதைத்தான் எழுதுவேன். இறங்கி அந்த பெஞ்சுல உட்காருங்க.”

அவர் அப்படித்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல். ஆபீஸில் அவருக்குப் பெயரே ஸ்கேல். சொந்த மச்சான் வண்டியையே எரியாத ஒரு பல்புக்காக ஃபெயில் செய்து, காரணத்தை ஊரே கேட்கப் படித்துக் காட்டினவர். அன்றிலிருந்து தங்கச்சி வீட்டில் அவருக்கு மட்டும் காபியில் சர்க்கரை கிடையாது.

மகன் டோக்கனோடு வந்தான். அம்மா தூரத்தில்தான் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“சார், ஒரு உதவி. இந்தச் சக்கரம் செல்லாதுன்னு எழுத முடியுமா?”

ஸ்கேலுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார்.

“யார் மாட்டினது?”

“நான்தான் சார், ஆசையா. ஆனா பள்ளம் வந்தா அம்மா கண்ணை மூடிக்கிறாங்க. வலிக்குதாம்மான்னு கேட்டா, ‘ஜம்முனு இருக்குடா’ங்கிறாங்க. நானாக் கழட்டினா, நம்மால புள்ள ஆசை போச்சேன்னு அழுவாங்க. நீங்க சொன்னா சட்டத்தை நாலு திட்டு திட்டிட்டு விட்டுடுவாங்க.”

“திட்டு வாங்க வேற ஆபீஸ் பாரு. தள்ளி நில்லு.”

முன் கதவைத் திறந்தார். கதவை ஒட்டிய தூணில் கம்பெனிக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர். இந்த வண்டிக்கு இரண்டு அளவு அனுமதி: பதினேழு, பத்தொன்பது. ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். டயர் எங்கேயும் உரசவில்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட வெளியே துருத்தவில்லை.

செல்லும். நூற்றுக்கு நூறு செல்லும்.

கடைசியாகக் காற்று அளக்கும் மீட்டரை வைத்தார். முள் ஐம்பதில் போய் நின்றது. ஸ்டிக்கரைத் திரும்பப் பார்த்தார். முப்பத்து மூன்று என்று இருந்தது. அடுத்த டயர், அதற்கடுத்தது, எல்லாமே ஐம்பது. தட்டினால் கல் மாதிரி இருந்தது.

“காத்து எங்கே அடிச்சே?”

“வீட்லயே சார். அம்மாவுக்காகத் தனியா பம்ப் வாங்கியிருக்கேன். வாரம் தவறாம என் கையாலதான் அடிப்பேன். டயர்லயே ஐம்பதுன்னு போட்டிருக்கு. ஒரு பாயின்ட் குறைய விடமாட்டேன்.”

பெருமையாகத்தான் சொன்னான்.

டயரில் போட்டிருப்பது அது தாங்கும் உச்சம். அடிக்க வேண்டிய அளவு அது இல்லை. இத்தனை நாளாக அந்த அம்மாவின் முதுகைக் குத்தியது சக்கரம் இல்லை. இவன் பாசமாக அடித்த காற்று.

ஸ்கேல் வாயைத் திறந்தார். பையன் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“போய் அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி குடு.”

அவன் போனதும் குந்தி உட்கார்ந்தார். டயர் டயராக மூடியைத் திருகி, ஸ்கேல் முனையால் உள்ளே இருந்த ஊசியை அழுத்தினார். புஸ்ஸென்று இறங்கியது. முப்பத்து மூன்று வந்ததும் எடுத்தார். நாலாவது டயரை முடிப்பதற்குள் அவர் முட்டி கடகடவென்றது.

அம்மாவும் மகனும் வந்தார்கள்.

“பாஸ்.”

இரண்டு முகமும் ஒரே நேரத்தில் தொங்கின.

“சோதனைக்காகக் காத்தை இறக்கியிருக்கேன். பெரிய சக்கரத்துக்கு இனிமே முப்பத்து மூணுதான். ஒரு பாயின்ட் ஏத்தினாலும் கேஸ். புது ரூல்.”

அப்படி ஒரு ரூலே கிடையாது. ஸ்கேல் சொன்ன முதல் பொய் என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டி புறப்பட்டு, வாசலில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின் ஜன்னலிலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

“ஏண்டா, வரும்போது இங்க ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருந்துச்சே, எடுத்துட்டாங்களா?”

ஸ்கேல் முட்டியைத் தடவிக்கொண்டே படிவத்தைப் புரட்டினார். ஒன்பதாவது வரி, தடித்த எழுத்தில்: ‘காற்றின் அளவு மீறியிருந்தால் ஃபெயில். காரணத்தை ஓட்டி வந்தவரிடம் உரக்கப் படித்துக் காட்டவும்.’

அவர் படித்துக் காட்டவில்லை.