புது டர்போவின் முதல் விசில்

பழைய டீசல் காரில், இன்ஜினுக்குக் கூடுதல் வலு தரும் புது டர்போவை மாட்டினார்கள். டர்போவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏத்தத்துல இனிமே லாரியெல்லாம் நமக்குப் பின்னாலதான்!" என்று விசிலடித்தது.

"அப்படிப் போடு தம்பி!" என்று குதித்தது இன்ஜின். "முன்னாடி இருந்த டர்போ ராசியில்லாதது. சீக்கிரமே தேஞ்சுபோச்சு."

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

அப்போது ஆயில் குழாய், கரி அடைத்த தொண்டையைச் செருமியது. "வாங்க, வாங்க! நீங்க தேயாம சுத்தறதுக்கு ஆயில் தர்றது நான்தான். சொட்டுச் சொட்டா வரும், அனுசரிச்சுக்குங்க."

விசில் நின்றது. "சொட்டுச் சொட்டாவா? உங்களை மாத்தலையா?"

"என்னை எதுக்கு மாத்தணும்?" குழாய் நெஞ்சை நிமிர்த்தியது. "நீங்க மூணாவது டர்போ. நான் முதல்லேர்ந்து அதே குழாய்!"