சொன்னார், தந்தார்

மூன்றாவது முறையாகச் சொன்னாள், வண்டி வரவில்லை என்று.

கிளார்க் பேனாவால் ஜன்னலைக் காட்டினார்.

"வெளிய பாருங்கம்மா. அவ்வளவு பெரிசா வச்சிருக்கு. வரலைங்கீங்க!"

எதிர்ப்புறம் பேனர். மூன்று சக்கர ஸ்கூட்டரில் அவள் மகள் ரதிதேவி. பின்னால் கும்பிட்டபடி தலைவர். மேலே இரண்டே சொல்.

சொன்னார், தந்தார்.

தந்தாராம்!

வண்டி வழங்கும் விழா அன்று மேடையில் நின்றது ஒரே வண்டி. நடக்க முடியாத பிள்ளைகள் பதினொரு பேர். ஒவ்வொருவராகத் தூக்கி உட்காரவைத்தார்கள். படம் எடுத்தார்கள். இறக்கிவிட்டார்கள்.

ரதி சிரிக்கவில்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். "சிரிட்டி, கோவிச்சுக்கிடப் போறாங்க" என்று கீழே நின்று கெஞ்சியது இவள்தான்.

வண்டி வீட்டுக்கே வந்துவிடும் என்றார்கள்.

எட்டு மாதம் ஆயிற்று. திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. பஸ் நிறுத்தம்வரை பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சுமக்க இனி இவளுக்குத் தெம்பில்லை.

"லிஸ்ட்டுலயும் குடுத்தாச்சுன்னு ஏறிட்டு. நான் என்ன செய்ய?" கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். படத்துல இருக்கது நான் இல்லன்னு ஒங்க பொண்ணு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். வேற பொண்ணு போலன்னு, புதுசா பதிஞ்சிருதேன்."

வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினார்.

பெற்ற பிள்ளையையே 'அது நான் இல்லை' என்று எழுதச் சொல்கிறான், பாவி.

வாங்கிக்கொண்டாள்.

ஆபீஸ் மாடியில். ரதியால் ஏற முடியாது. கீழ்ப்படியில் உட்கார்ந்து பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னாள்.

ரதி அழவில்லை. தாளை மடியில் வைத்து நிதானமாக எழுதினாள்.

படத்தில் இருப்பது நான் இல்லை.

கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். எதிரே பேனரில் அந்தப் பெண் வண்டியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்காவது கெடைச்சுதேம்மா" என்றாள்.