கோட்டின் முதுகில் நாலு கிளிப்

கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

வந்தது பக்கத்து வீட்டு ஜாஸ்லின். அதுவரை நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததும் அவள் மூஞ்சியைத்தான்.

என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. தெருவில் என்ன நடக்கிறதென்று யாராவது ஒருத்தர் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

ஜாஸ்லின் பி.காம். கடைசி வருஷம். துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டுமென்று ஆசை. பரீட்சை முடிவதற்குள் கிடைக்காவிட்டால் சாத்தான்குளத்தில் மாமா ஜவுளிக்கடையில் பில் போடப் போக வேண்டியதுதான் என்று அவள் அம்மா ஜெபகனி சொல்லிவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குக் கேட்டது. ஜெபகனிக்கு மெதுவாகப் பேச வராது. யாரிடமும் சிபாரிசு கேட்கவும் வராது.

அதற்காகத்தான் இந்த லிங்க்ட்இன். வேலை கொடுக்கிறவர்கள் அங்கேதான் ஆள் தேடுகிறார்களாம்.

அதில் போட அவள் படம் எடுத்த அன்றைக்கு நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கோட், அவள் அப்பா தன் கல்யாணத்துக்குத் தைத்தது. உள்ளே இரண்டு ஜாஸ்லின் நிற்கலாம். முதுகுப் பக்கம் துணியைச் சுருட்டி நாலு கிளிப். துணி காயப்போடுகிற கிளிப்தான். இடுப்புக்குக் கீழே நைட்டி.

படத்தில் பார்த்தால் ஏதோ கம்பெனியையே விலைக்கு வாங்க வந்தவள் மாதிரி இருக்கிறாள்.

பெயருக்குக் கீழே, சப்ளை செயின் வல்லுநர் ஆகப்போகிறவள் என்று இங்கிலீஷில் போட்டிருந்தாள். போன மாசம் கேஸ் தீர்ந்துபோய் என் அடுப்பில் வந்து குழம்பு இறக்கிக்கொண்டு போன வீடு!

இதையெல்லாம் நான் பார்ப்பது என் மகன் ஷாம் விட்டுப்போன பழைய போனில். இங்கே ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இருந்தவன், துபாய்க்குப் போகும்போது வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். சிம் கிடையாது. வீட்டு வைஃபையில்தான் அதற்கு உயிர். சாயங்காலம் சீரியல் முடிந்ததும் ஜாஸ்லின் பக்கத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரிதான். யாருக்குத் தெரியப்போகிறது?

முதலில் அவள் எழுதினதெல்லாம் ஒரே கூத்து. மிக்க மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன் என்று ஆரம்பிப்பாள். என்ன அறிவிப்பு? அரை நாள் ஆன்லைன் வகுப்புக்கு ஒரு சர்டிபிகேட். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூடப்படிக்கிற பெர்சிகூட.

பிறகு ஒரு நாள், துறைமுகச் சாலையில் வரிசைகட்டி நிற்கிற கண்டெய்னர் லாரிகளைப் பற்றி எழுதினாள். எதனால் நிற்கிறது, எப்போது நகர்கிறது, டிரைவர்கள் எங்கே சோறு பொங்குகிறார்கள், எதை மாற்றினால் இவ்வளவு நேரம் நிற்க வேண்டியதில்லை. எல்லாம் அவர்களிடமே கேட்டு.

லாரிக்காரர்களோடு இவளுக்கு என்ன பேச்சு என்று நான் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

நன்றாகத்தான் எழுதியிருந்தாள். நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு இங்கிலீஷ் புரியாதா?

லாரிப் படத்தைப் பெரிதாக்கப் போய், விரல் எங்கேயோ பட்டு, கட்டைவிரல் படம் ஒன்று நீலமாகிவிட்டது. அதை எப்படி அழிப்பதென்று தெரியவில்லை. பயந்துபோய் போனை அணைத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மறுநாள் சீரியல் முடிகிறவரை.

இப்போது ஜாஸ்லின் எதிரே நிற்கிறாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்குகிறது.

"பெரியம்மா, துறைமுகத்துல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டிருக்காவ! திங்கக்கிழமை இன்டர்வியூ. நான் லாரியப் பத்தி எழுதினதுக்கு ஷாம் அண்ணன் லைக் போட்டாவல்லா, அண்ணன்கூட இங்கன வேலை பார்த்த சார் ஒருத்தர் அதுலதான் என்னைப் பார்த்திருக்காவ. அண்ணன்ட்ட சொல்லிருங்க."

ஷாமுக்கு என்னோடு பேசவே ஞாயிற்றுக்கிழமைதான் நேரம். அவன் எங்கே லைக் போட்டான்?

மடியில் இருந்த போன் சுட்டது.

படுபாவி, போனை மட்டுமா விட்டுப்போனான்? அதற்குள் தன் கணக்கையும் மூடாமல் போயிருக்கிறான். நான் எட்டிப் பார்த்ததெல்லாம் அவன் பேரில்.

அதோடு விட்டாளா? யார் வந்து பார்த்தார்கள் என்று அதில் பேரோடு காட்டுமாம். நாலு மாசமாக, வேறு ஒரு பேர்கூட வராத நாளிலும் ஷாம் அண்ணன் பேர் வந்துவிடுமாம். ஒரு ஆளாவது பார்க்கிறதே என்றுதான் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகாமல், அடுத்ததை எழுத உட்கார்ந்தாளாம்.

அவனுக்கு எப்போதுமே உன்மேல் தங்கச்சிப் பாசம் என்று சொல்லி வைத்தேன்.

கேட் வரை போனவள் திரும்பினாள். அந்தக் கோட் படத்தில் இல்லாத ஒரு சிரிப்பு.

"ஆனா பெரியம்மா, மழையில நம்ம தெருவுல ரெண்டு நாள் கரண்ட் இல்லைல்லா, அந்த ரெண்டு நாள் மட்டும் துபாய்ல இருந்து அண்ணன் பார்க்கவே இல்ல."

நான் முந்தானையைச் சரிசெய்தேன். தெருவில் ஒரு லாரி போயிற்று. முக்கு திரும்புகிறவரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏளா, அந்தக் கோட்டைக் கொண்டா," என்றேன். "இன்டர்வியூ முடிஞ்சு எந்திரிச்சு வரும்போது முதுகைக் காட்டித்தான வரணும்? கிளிப்பை எடுத்துட்டு நல்லாப் பிடிச்சுத் தைச்சுத் தாரேன்."