தலைக்குக் கரண்ட்

ஆஸ்பத்திரி வாசலில் ஏணி கட்டிய வண்டியைத் திருப்பி, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்தினான் லைன்மேன். தங்கையைத் தூக்கிப் போட்டதும் கிளம்பிவிட வேண்டும்.

"நான் தலைப்பக்கம், நீ கால்பக்கம். குறுக்க எவன் வந்தாலும் நிக்காத."

கூட வந்த கூட்டாளி வண்டியிலிருந்து இறங்கினான். வேலையிடத்தில் அவனுக்கு நிதானம் என்று பட்டப்பெயர். லைனை அணைத்து, பூட்டி, மூன்று தடவை சோதித்துவிட்டுத்தான் "ஏறு" என்பான். அவன் சொல்லாமல் லைன்மேன் கம்பத்தில் கால் வைக்க மாட்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் உடம்பு சரியில்லை என்று நிதானம் மூன்று மாதம் லீவில் போய் வந்த பிறகும் அதில் மாற்றமில்லை.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் வழி கேட்க லைன்மேன் வாயைத் திறப்பதற்குள், நிதானம் வலதுபக்கப் படிகளில் பாதி ஏறிவிட்டிருந்தான். ஆள் நம்மைவிடச் சூடாக இருக்கிறானே என்று லைன்மேனுக்குத் தெம்பு வந்தது.

மூன்றாவது மாடியில் தங்கை சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தையல் ஃபேக்டரியில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாய் அடித்துத் தள்ளியவள். நர்ஸ் ஸ்பூனால் ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாகத் தலையணையில் இறங்கியது.

"பாப்பா, அண்ணன் வந்திருக்கேன்டா."

கண்கூட அசையவில்லை.

டாக்டரம்மா படிவத்தோடு வந்து நின்றாள்.

"தலையில கரண்ட் வைக்கப் போறீங்களாமே? என் தங்கச்சி என்ன மிக்ஸியா?" என்று கத்தினான் லைன்மேன்.

"மனச்சோர்வுக்கு எட்டு மாசமா மூணு விதமான மாத்திரை குடுத்துப் பாத்தாச்சு. வாரா வாரம் உக்கார வச்சுப் பேசியும் பாத்தாச்சு. நிறைய பேர் அதுலயே தேறிடுவாங்க. இவங்களுக்குப் பத்தல. நாலு நாளா சாப்பாடு இல்ல, தண்ணி இல்ல, ட்ரிப்ஸ்லதான் ஓடுது. இன்னும் காத்திருந்தா ஆள் மிஞ்ச மாட்டாங்க."

"அதுக்கு ஷாக் குடுத்துக் கொல்லுவீங்களா?"

"மயக்க மருந்து குடுத்துட்டுதான் செய்வோம். சில செகண்டுதான், வலி தெரியாது. கொஞ்சம் மறதி வரலாம், அத மறைக்கல. இத விட்டா இவங்களச் சீக்கிரம் எழுப்பறதுக்கு எங்கிட்ட வேற வழி இல்ல."

லைன்மேன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினான். தோல் வெந்து சுருங்கி, பழைய ரப்பர் போலக் கிடந்தது.

"எனக்கே கரண்டப் பத்திப் பாடமா? அரை செகண்டும்மா இது! எவனோ ஒரு அரைகுறை பேச்ச நம்பி ஏறினேன். போன வருஷம் பக்கத்து செக்ஷன்காரன் கம்பத்துலயே கருகினான். அவன இறக்கினது இந்தக் கைதான். நீங்க எத்தன பேர இறக்கியிருக்கீங்க?"

டாக்டரம்மாவுக்கும் குரல் ஏறியது. "வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?"

"நாலு அதட்டு அதட்டினா எந்திரிப்பா."

"எட்டு மாசமா அதைத்தான பண்ணீங்க? அவங்க தனியாவே வந்து தனியாவே போனாங்க. ஒரு நாள் வந்திருப்பீங்களா? கடைசில ஃபேக்டரிப் பொண்ணுங்கதான் கொண்டாந்து சேத்தாங்க."

லைன்மேனுக்கு முகம் கறுத்தது. படிவத்தைப் பிடுங்கிக் கசக்கி மூலையில் எறிந்தான்.

"டேய், காலைப் பிடிடா!"

நிதானம் காலைப் பிடிக்கவில்லை. மூலைக்குப் போய்க் காகிதத்தை எடுத்து வந்தான். கட்டில் விளிம்பில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நீவினான்.

"போடு கையெழுத்த."

"சோறு போட்டவன் மாதிரி அதிகாரம் பண்ணாத. அவ என் தங்கச்சி."

"தங்கச்சின்னா போடு. பொணமாத்தான் வேணும்னா தூக்கு. நான் தொட மாட்டேன்."

நர்ஸ் ஸ்பூனைக் கீழே வைத்தாள். ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்ததில் நிதானம் இப்படிக் கத்தி லைன்மேன் கேட்டதில்லை. ஆத்திரத்தில் லைன்மேன் நிதானத்தின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான்.

"போட்டுட்டு? அப்புறம் அவ மனுஷியா வெளிய வருவாளா? எவன்டா வேலை குடுப்பான்? எவன் அவகிட்ட ஒரு பொருள நம்பிக் குடுப்பான்? தலையில கரண்ட் வச்ச ஆள நம்பி எவனாவது தன் உசிரக் குடுப்பானா? ஒருத்தனக் காட்டுடா, இப்பவே போடறேன்!"

நிதானம் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. பேனாவை எடுத்து லைன்மேன் நெஞ்சில் குத்துகிற மாதிரி நீட்டினான்.

"ரெண்டு வருஷமா நீதான்டா உன் உசிர எங்கிட்டக் குடுத்துட்டு இருக்க."