மோகனராஜின் சம்மதம்

“மோகனராஜ் கையெழுத்துப் போடலன்னா என் ஆர்ட்டிக்கல் அவ்ளோதான்,” என்றான் புவனேஸ்வரன்.

“எனக்குப் பயமா இருக்குண்ணே. நீங்களே கேளுங்க,” என்றாள் பள்ளியில் படிக்கும் அவன் தங்கை ரூபினி.

அவனுடைய ஆய்வுக் கட்டுரைக்கு மேற்கோள் பட்டியலை அவள்தான் அடுக்கித் தந்திருந்தாள். அதைப் பார்த்த ஆய்விதழ் ஆசிரியர், ‘உங்கள் கருத்துகளை எல்லாம் மோகனராஜ் ஏற்கெனவே எழுதிவிட்டார். அவர் சம்மதம் தேவை’ என்று எழுதிவிட்டார்.

“அந்த ஆசிரியர்கிட்ட விளக்கிச் சொன்னீங்களா?” என்றாள் ரூபினி.

“சொன்னேன்லா. கையெழுத்துதான் வேணுமாம். மோகனராஜோட கெரெத்தாவ நான் ஓட்டிட்டுப் போயி பிறை டவுன்ல இடிச்சதுலேர்ந்து மனுஷன் என் மூஞ்சியே பாக்கறதில்ல. நீ போ.”

ரூபினி சமையலறைக்குப் போனாள். மோகனராஜ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நம்ம பேருக்குப் பின்னால உங்க பேருதானே வரும்? அந்த ஜர்னல்ல கடைசிப் பேரத்தான் ஆத்தர் பேருன்னு போடுவாங்களாம். அண்ணன் முன்ன எழுதுன ஆர்ட்டிக்கல் எல்லாம் உங்க பேருல ஏறிருச்சு. இப்ப அவரு உங்களப் பாத்துக் காப்பி அடிச்சிட்டாருன்னு சொல்றாங்க.”

மோகனராஜ் கத்தியைக் கீழே வைத்தார்.

“நான் கஷ்டப்பட்டு எழுதுனத இவன் காப்பி அடிப்பானா? மொதல்ல வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு. கையெழுத்த அப்புறம் யோசிக்கலாம்.”