வாசல்வரை

ஜெயக்கொடிக்கு முழங்காலில் அடி எண்ணும் புது மூட்டு வைத்து நாலு மாதம். நாளொன்றுக்கு எண்ணூறு அடிதான் அனுமதி. அதற்குமேல் ஓர் அடி வைத்தாலும் முழங்கால் பூட்டிக்கொள்ளும். மறுநாள் காலைவரை திறக்காது.

இன்று சாயங்காலம் தெருக்கோடி மைதானத்தில் ஷட்டில். "இன்னிக்கும் வரலேன்னா வேற ஆளைச் சேர்த்துக்குவோம்க்கா" என்று கூட ஆடும் புனிதா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் விடிந்ததிலிருந்து கட்டிலைவிட்டு இறங்காமல் அடிகளை மிச்சம்பிடித்தாள் ஜெயக்கொடி.

பதினோரு மணிக்குப் பிடித்தது சனியன். நலம் விசாரிக்க ஆப்பிளும் சாத்துக்குடியுமாக ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களுக்குக் காபி போட வேண்டும். கிளம்பும்போது வாசல்வரை போய் வழியனுப்ப வேண்டும். உட்கார்ந்தபடியே தலையாட்டினால் சொந்தபந்தம் சும்மா விடுமா?

ஐந்து மணிக்கு மட்டையும் கையுமாகக் கேட்டைத் திறந்தாள்.

"இன்றைய அடிகள் முடிந்தன. ஓய்வெடுங்கள்" என்றது முழங்கால். கால் உலக்கையாக விறைத்தது.

"நாசமாப் போ!" என்று மட்டையாலேயே அதன்மேல் ஒரு போடு போட்டாள்.

அந்நேரம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஆப்பிள் பையோடு இறங்கிய நாத்தனாருக்கு முகமெல்லாம் பல்.

"என்னைக் கூப்பிட வாசலுக்கே வந்துட்டீங்களா அண்ணி! அப்போ கால் நல்லாயிடுச்சு!"